அடுக்கக்காவும் மாப்பிள்ளை இயந்திரமும்

வலது கை தட்டிலிருந்து ஒரு கறுப்புத் தாளை எடுத்தது. எடுத்த கையோடு மேலே கொண்டுபோய், மணிக்கட்டால் ஒரு சின்ன வெட்டு வெட்டி, உலோகத் தகட்டின் மேல் படுக்கவைத்தது. இடது கையின் விரல்கள் அதன் விளிம்பை ஒரு சுற்றுத் தடவி, மூலையில் நிற்கும் வழிகாட்டிக் கம்பியோடு அணைத்துவிட்டன. அடுத்து ஒரு தகடு. அடுத்து மறுபடி ஒரு தாள். கைகள் ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. பக்கத்து மேசையில் யாரோ எதற்கோ சிரிக்க, கைகளுக்கு மேலே இருந்த வாயும் சேர்ந்து சிரித்தது; கைகள் மட்டும் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை.

தாள் என்பது பேச்சுக்குச் சொல்வதுதான். காகிதத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, இரு பக்கமும் கரி பூசிய உறை, ஓரத்தில் கண்ணாடி போன்ற சட்டம். அதன் ஒரு பக்கம் ஹைட்ரஜன் வரும், மறு பக்கம் காற்று வரும். இரண்டும் அந்தச் சவ்வின் வழியாகக் கைகோக்கும்போது மின்சாரம் பிறக்கும். மிச்சமாகக் கொஞ்சம் தண்ணீரும் சூடும் வெளியே வரும். புகை கிடையாது. ஒரு தாளும் அதன் தகடுகளும் தரும் மின்னழுத்தம் ஒரு டார்ச் லைட் பேட்டரி தருவதைவிடக் குறைவு. அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடுக்கி, மேலும் கீழும் கனத்த பலகை வைத்து, நீண்ட போல்ட்டுகளால் இறுக்க வேண்டும்; அதுதான் மின்கலம். நடுவில் ஒரே ஒரு தாள் மயிரிழை விலகியிருந்தாலும் வாயு ஒழுகும். ஒழுகினால் அத்தனையும் வீண்.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியை ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லோரும் அடுக்கக்கா என்பார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவள் இங்கே வருவதற்கு முன் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவள். அச்சடித்து வரும் தாளை மடிப்பது, வரிசை சேர்ப்பது, தைப்பது என்று எல்லாம் தெரியும். அச்சகம் ஒன்றும் நொடித்துப்போகவில்லை. இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆராய்ச்சிக் கூடம் வந்தது, "மென்மையான தாள்களைக் கையாளத் தெரிந்தவர்கள் தேவை" என்று கதவில் ஒட்டியிருந்தார்கள், போய் நின்றாள். அவ்வளவுதான் கதை. இங்கேயும் ஏதோ புத்தகம் போடுகிறார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள்.

நேர்முகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவி. ஒல்லியான பெண்மணி. முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதால் டாக்டரம்மா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடுக்கக்காவின் வீட்டுக்காரர் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல், முழங்கால் வலிக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவரச் சொன்னார்.

"என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"படிச்சதை விட மடிச்சதுதாங்க அதிகம்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போய், ஒரு தட்டு நிறையத் தாள்களை முன்னால் நகர்த்தி, "சரி, ஒவ்வொண்ணா எடுத்து இங்க வைங்க, பார்ப்போம்" என்றார். பார்த்தார். அன்றைக்கே வேலை உறுதியாகிவிட்டது.

அதன்பிறகு அந்தக் கூடத்தில் கையால் அடுக்கக் கற்றுக்கொண்ட அத்தனை பேரும், டாக்டரம்மா உட்பட, அவளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். அவளும் டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் நின்று ஹைட்ரஜன் என்றால் என்ன, சவ்வு ஏன் ஈரமாக இருக்க வேண்டும், ஏன் ரொம்ப ஈரமாகவும் இருக்கக் கூடாது என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கேட்பதில் அவளுக்கு வெட்கமே கிடையாது. புரியவில்லை என்றால், "இதை இன்னொரு தடவை சொல்லுங்க, இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுட்டேன்" என்பாள்.

கையால் அடுக்கியது நன்றாகவே ஓடியது. ஆனால் கையால் எத்தனை அடுக்க முடியும்? ஊரில் உள்ள வண்டிக்கும் படகுக்கும் கட்டடத்துக்கும் இது போய்ச் சேர வேண்டுமானால் இயந்திரம்தான் அடுக்க வேண்டும். அப்படித்தான் ஒருநாள் அந்த இயந்திரம் வந்து இறங்கியது.

வந்த விதத்தைப் பார்த்து அடுக்கக்கா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். அதற்கென்று தனி அறை. அறைக்கு வெயில் ஆகாது, தூசி ஆகாது. எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். தட்டு ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் சிவப்பு விளக்கை எரியவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். ஒரு நீண்ட வெள்ளைக் கை; கையின் நுனியில் நாலைந்து ரப்பர் உறிஞ்சிகள்; தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேமரா. உறிஞ்சி தாளைத் தூக்கும், தாள் எப்படிப் பிடிபட்டிருக்கிறது என்று கேமரா ஒரு படம் எடுக்கும், அதற்குத் தகுந்தபடி கை திருத்திக்கொண்டுபோய்த் தாளை அடுக்கில் வைக்கும்.

அசைவுகளை அதற்குச் சொல்லிக்கொடுக்கும் முறைதான் அடுக்கக்காவுக்குப் பிடித்திருந்தது. எழுதவோ தட்டச்சு செய்யவோ வேண்டாம். மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, நாம் எப்படி எடுத்து எப்படி வைப்போமோ அப்படியே ஒரு தடவை நடத்திக் காட்டினால் போதும். அது மனசில் வாங்கிக்கொண்டு, பிறகு தானே அதைப்போல் வேகமாகச் செய்யும். அந்த வேலையை யார் செய்வது என்ற பேச்சே எழவில்லை. அடுக்கக்கா முன்னே போய் மணிக்கட்டைப் பிடித்தாள். டாக்டரம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். "அப்படியே உங்களை மாதிரி செய்யுது அக்கா!" என்று மகிழ்ந்துபோனார்.

"பின்ன? மாப்பிள்ளை நம்ம வீட்டு வளர்ப்புல்ல" என்றாள் அடுக்கக்கா.

இந்த இடத்தில்தான் அவளுடைய தம்பி கதைக்குள் வருகிறான்.

தம்பிக்கு ஆற்றில் படகு. இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏற்றிப் போவான். டிக்கெட் கொடுப்பது அவன் மனைவி. அவளுடைய வாய்க்குப் பயந்து டிக்கெட் வாங்காமல் ஏறியவர் யாரும் இல்லை. படகில் இருந்தது கிழட்டு டீசல் இன்ஜின். அது இருமினால் அக்கரைக்குக் கேட்கும்.

இயந்திரம் அடுக்கும் முதல் மின்கலத்தை எதிலாவது பொருத்தி ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கூடத்தில் பேச்சு வந்தபோது, அடுக்கக்கா தம்பியின் படகைச் சொன்னாள். டாக்டரம்மாவுக்கு யோசனை பிடித்தது. படகில் மின்மோட்டார் பொருத்தினார்கள். ஹைட்ரஜன் உருளைகளுக்கு இருக்கை அடியில் இடம் செய்தார்கள். தம்பி டீசல் இன்ஜினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். "கொஞ்சம் பொறுத்துப் போடேன்டா" என்று அக்கா சொன்னதற்கு, "நீ செய்யிற வேலையில எனக்கென்ன சந்தேகம்?" என்றான். அந்த வார்த்தைதான் பிறகு அவளைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால் மாப்பிள்ளை அடுக்கியது ஒழுகியது.

அடுக்கி, இறுக்கி, உள்ளே அபாயமில்லாத ஒரு வாயுவைச் செலுத்தி, குழாயை மூடிவிட்டு, அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பார்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். மாப்பிள்ளை அடுக்கியதில் முள் கூச்சமே இல்லாமல் கீழே இறங்கியது. பிரித்துப் பார்த்தார்கள். பிரிக்கும்போதே தாள்கள் இப்படி அப்படி நகர்ந்துவிடுவதால், எது முன்பே விலகியிருந்தது, எது பிரித்ததால் விலகியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மறுபடி அடுக்கவைத்தார்கள். மறுபடி ஒழுகியது, இந்தத் தடவை வேறு இடத்தில். தகடுகளை மாற்றினார்கள். வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றினார்கள். கேமராவைத் துடைத்து, அளந்து, மறுபடி துடைத்தார்கள். கேமரா எடுத்த படங்களில் ஒவ்வொரு தாளும் அப்பழுக்கில்லாமல் நேராக இருந்தது.

டாக்டரம்மாவுக்கு ஒரு குணம். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். முதல் வாரம் இயந்திரத்தைப் பார்த்து, "என்னப்பா உனக்கு?" என்றார். அடுத்த வாரம், "என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றார். அதற்கடுத்த வாரம் கைகளைக் கட்டிக்கொண்டு, "தாங்களே சொல்லுங்கள்" என்றபோது கூடத்தில் எல்லோரும் சத்தமில்லாமல் வெளியே டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஆற்றில் இதைவிட மோசம். தம்பி துடுப்புப் போடும் ஓடம் ஒன்றை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். புதுப் படகு கரையில் பளபளவென்று சும்மா நின்றது. "கேப்டன், கப்பல் எப்போ கிளம்பும்?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். அதையாவது சிரித்துத் தள்ளிவிடலாம். படகுத்துறை அலுவலகத்திலிருந்து வந்த செய்தியை அப்படித் தள்ள முடியவில்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் இந்தத் துறையில் மோட்டார் படகு ஓடியாக வேண்டும். இல்லையென்றால் துறையை மேல்துறைப் படகுக்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் வேறு தினமும் மாலையில் வந்து, படித்துறையை அளவெடுப்பதுபோல் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

தம்பி அக்கா வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"உள்ளே வாடா."

"வரலை. ஒண்ணு கேக்கணும். அந்த மெஷின் அடுக்கினாதானே ஒழுகுது? நீ அடுக்கினா ஒழுகாதுல்ல?"

"ஒழுகாது."

"அப்ப நீயே உன் கையால அடுக்கிக் குடுத்துடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

இந்த யோசனை அவளுக்கு வராமல் இல்லை. ஒரு தடவைக்கு மேலேயே வந்திருந்தது. சாவி அவளிடம் இருக்கிறது. தாளும் தகடும் அலமாரியில் இருக்கின்றன. ஒரு பகல் போதும்.

"நான் அடுக்கினது ஓடும்னு ஊருக்கே தெரியும்டா. மெஷின் அடுக்கினது ஒரு வருஷம் தாங்குமான்னு பார்க்கத்தான் உன் படகு. நான் அடுக்கிட்டு மெஷின் அடுக்கினதுன்னு எழுதினா, டாக்டரம்மா ஒரு வருஷம் உக்காந்து அளக்கிறதெல்லாம் பொய் கணக்கு. அதை நம்பி இன்னொருத்தன் இன்ஜினைக் கழட்டுவான். அவன் நடு ஆத்துல நிப்பான்."

"நான் இப்ப கரையிலயே நிக்கிறேனே, அது பரவாயில்லையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்காரர்தான் இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காந்து சண்டை போடுங்கப்பா, கால் வலிக்கும்" என்றார். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தான். சாப்பிட்டான். கோபம் இருந்தது, ஆனால் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

"சரி, அந்த மெஷினையாவது காட்டு. யாருக்காக நான் துடுப்புப் போடுறேன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்றான் போகும்போது.

டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கி, மறுநாளே வரச் சொன்னாள். மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் மாப்பிள்ளையின் அறைக்கு வெளியே, பெரிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். உள்ளே வெள்ளைக் கை வேலையில் இருந்தது. எடுத்தது, படம் பிடித்தது, கொண்டுபோனது, வைத்தது. ஒரு கண்சிமிட்டுக்கு ஒரு தாள்.

தம்பி வாயைத் திறந்தபடி பார்த்தான். அவன் மனைவி வாயைத் திறக்கவில்லை, அதுவே அதிசயம். கண்ணாடியில் மூக்கு படுகிற அளவு கிட்டே போனாள். பிறகு தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, இங்க பாருங்களேன். நம்ம அண்ணி!"

"எங்கே?" தம்பி திரும்பிப் பார்த்தான். அக்கா அவன் பக்கத்திலேயேதான் நின்றாள்.

"இவங்க இல்லை. உள்ளே. அந்தக் கையைப் பாருங்க. வைக்கிறதுக்கு முன்னால ஒரு வெட்டு வெட்டுதுல்ல, டக்குனு? அப்படியே அண்ணிதான். துணி மடிக்கும்போது இப்படித்தான் வெட்டுவாங்க. கல்யாணமான புதுசுல போர்வை மடிக்க ஒரு முனையைப் பிடிச்சேன், வெட்டின வெட்டுல என் கை மூட்டே கழண்டிருக்கும்."

"நான் எங்கேம்மா வெட்டுறேன்?" என்றாள் அடுக்கக்கா.

"நீங்க வெட்டுறதே உங்களுக்குத் தெரியாதா அண்ணி? இந்தாங்க." அவள் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். "மடிங்க பார்ப்போம்."

அடுக்கக்கா துண்டை வாங்கினாள். கை தானாக மேலே போயிற்று. டப்பென்று ஒரு உதறு. துண்டின் நுனி தம்பியின் காதைத் தொட்டுவிட்டு வந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தபடியே, "நல்லவேளை, எங்களுக்கெல்லாம் அந்தப் பழக்கம் இல்லை" என்று சொல்லி, மேசையில் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்து வைக்கப்போனார். அவருடைய மணிக்கட்டும் ஒரு வெட்டு வெட்டியது.

காகிதம் கையிலேயே நின்றது. சிரிப்பும் நின்றது.

"இங்க வாங்க" என்று பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, அவரையும் ஒரு தாளை எடுக்கச் சொன்னார். அவரும் உதறினார். அடுத்தவரும் உதறினார். அந்தக் கூடத்தில் உதறாமல் தாளெடுக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் அடுக்கக்காவிடம் கற்றவர்கள், எல்லோரும் உதறுகிறார்கள், அதனால் இயந்திரம் உதறியது எவர் கண்ணுக்கும் உறைக்கவில்லை. வெளியிலிருந்து ஒருத்தி வந்துதான் சிரிக்க வேண்டியிருந்தது.

அந்த உதறல் எங்கிருந்து வந்தது என்று அடுக்கக்காவுக்கு இப்போது தெரிந்தது. பைண்டிங் மேசையில் தாளை எடுத்தால் ஒரு உதறு உதறுவார்கள். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் ஒன்று கழன்று விழுந்துவிடும். கை பழகிய பிறகு அது மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து நடத்திக் காட்டிய அன்று அதையும் சேர்த்துத்தான் காட்டியிருக்கிறாள்.

"அக்கா, கேமரா எப்போ படம் எடுக்குது?" டாக்டரம்மா கேட்டார். குரல் மெதுவாக இருந்தது.

"தட்டுலேர்ந்து தூக்கினதும்."

"உதறுறது?"

"வைக்கிறதுக்கு முன்னால." சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. "படம் எடுத்த பிறகு உதறுது. உறிஞ்சியோ ரப்பர். உதறுனா தாள் கொஞ்சம் திரும்பிடும். கையில நான் உதறினா, அப்புறம் விளிம்பைத் தடவிச் சரி பண்ணிடுவேன். அதுக்குத் தடவ விரல் எங்க இருக்கு? படத்துல நேரா இருந்துச்சேன்னு நம்பி வச்சிட்டுப் போயிடுது."

"தாளுக்குத் தாள் வேற மாதிரி திரும்பும். அதனாலதான் தடவைக்குத் தடவை வேற இடத்துல ஒழுகியிருக்கு" என்றார் டாக்டரம்மா.

தம்பியின் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப மெஷின் மேல தப்பில்லை. அண்ணி மேலதான் தப்பு" என்றாள், தீர்ப்புச் சொல்வதுபோல்.

"ஆமாம்மா, என் மேலதான்" என்றாள் அடுக்கக்கா. பல வாரங்களுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

உதறலை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எடுத்தார்கள். மாப்பிள்ளை வெகு சாதுவாக அடுக்கியது. சிறிது நேரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு வந்து, இரண்டையும் சேர்த்தே அடுக்கில் வைத்திருந்தது. ஆக உதறலும் வேண்டும். தாளும் திரும்பக் கூடாது.

அடுக்கக்கா சுருண்டுபோய் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்கூட இல்லை. வழி கண்டுபிடித்தது டாக்டரம்மா. தட்டுக்கும் அடுக்குக்கும் நடுவே இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார்.

"உதறட்டும் அக்கா. உதறுற இடத்தை மாத்துவோம். தூக்கினதும் தட்டுக்கு மேலேயே உதறட்டும். ரெண்டாவது தாள் இருந்தா தட்டுலயே விழும். உதறி முடிச்ச பிறகு கேமரா படம் எடுக்கட்டும். தாள் எவ்வளவு திரும்பியிருந்தாலும் படத்துல தெரிஞ்சிடும். கை திருத்திக்கும்."

"இது ஏன் எனக்குத் தோணலை?"

"உங்களுக்குத்தான் உதறுறதே தெரியாதே!"

மறுபடியும் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். அங்கேதான் புது வம்பு. தான் உதறுவது தெரிந்தபிறகு அடுக்கக்காவுக்கு உதறவே வரவில்லை. நினைத்துச் செய்தால் கை விறைத்தது. ஒரு தடவை வெட்டு பலமாகி, தாள் பறந்து தரையில் விழுந்தது. இன்னொரு தடவை மணிக்கட்டு வெறுமே ஆடி நின்றது. நடக்கிறவனைப் பார்த்து எந்தக் காலை முதலில் வைக்கிறாய் என்று கேட்டால் தடுக்கி விழுவானே, அந்தக் கதி.

"யோசிக்காம செய்யுங்க அக்கா."

"யோசிக்காதேன்னு சொன்னா அதைத்தான் யோசிக்கத் தோணுது."

டாக்டரம்மா வெளியே போய்த் தம்பிக்கு போன் போட்டார். கைபேசியை அடுக்கக்காவின் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தார்.

"அக்கா, டாக்டரம்மா உன்கிட்ட ஏதாவது பேசச் சொன்னாங்க. என்ன பேசுறது? ஆங், சொல்ல மறந்துட்டேன். படகுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சுட்டேன்."

"பச்சையா? நீலம்னுதானேடா முடிவு பண்ணினோம்!"

"கடையில நீலம் இல்லை."

"இல்லைன்னா அடுத்த கடைக்குப் போறது. உனக்கு எதுலயும் பொறுமை கிடையாது. இன்ஜினைக் கழட்டும்போதும் இப்படித்தான், கொஞ்சம் பொறுடான்னா கேக்கலை. ஆத்துத் தண்ணியே பச்சையா இருக்கு, படகும் பச்சையா இருந்தா அக்கரையில நிக்கிறவனுக்கு எது ஆறு எது படகுன்னு எப்படித் தெரியும்? அறிவு வேணாம்?"

அவள் திட்டிக்கொண்டேயிருந்தாள். மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை தன் பாட்டுக்குத் தாளைத் தூக்கியது, தட்டுக்கு மேலேயே டக்கென்று ஒரு வெட்டு வெட்டியது, கொண்டுபோய் வைத்தது. டாக்டரம்மா பொத்தானை அழுத்தி, அந்த அசைவை இயந்திரத்தின் நினைவில் பதிந்துகொண்டார். பிறகும் கொஞ்ச நேரம் கைபேசியைப் பிடித்தபடியே நின்றார். நடுவில் நிறுத்தச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

அன்று பிற்பகல் மாப்பிள்ளை அடுக்கியது. யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. இறுக்கியதும் வாயுவைச் செலுத்தினார்கள், குழாயை மூடினார்கள், அழுத்தமானியின் முன்னால் வந்து நின்றார்கள். முள் நின்றது. யாரோ கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார்கள். அப்போதும் நின்றது. டீ வந்து, ஆறி, அடுத்த டீயும் வந்தது. முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பரவாயில்லைப்பா நீ" என்றார் டாக்டரம்மா இயந்திரத்தைப் பார்த்து. மரியாதை ஒரேயடியாக இறங்கியிருந்ததைக் கவனித்துக் கூடமே கைதட்டியது.

சோதனை மேடையில் ஹைட்ரஜனும் காற்றும் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். விளக்குகள் எரிந்தன, சின்னக் குழாய் வழியே தண்ணீர் சொட்டியது. அடுக்கக்கா ஒரு சொட்டை விரலில் வாங்கி, எங்கிருந்தோ ஒழுகிய நீரா, மின்சாரத்தோடு பிறந்த நீரா என்பதுபோல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சேலையில் துடைத்துக்கொண்டாள். மின்கலத்தை அதன் உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். ஒரு பெரிய சூட்கேஸ் அளவு. தூக்கினால் நல்ல கனம்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் காலை அதைத் தள்ளுவண்டியில் வைத்து ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். மேல்துறைப் படகுக்காரரும் வந்திருந்தார். பெட்டியை எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான். சத்தம் போடாது. உங்க இன்ஜின் சத்தத்துக்கும் சேர்த்து இனிமே நானே போட்டுக்குவேன்" என்றாள் தம்பியின் மனைவி.

படகு பச்சையாகத்தான் இருந்தது. அடுக்கக்கா தம்பியைப் பார்த்தாள். பார்த்த பார்வையே போதும் என்று தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். படகுக்குள் இறங்கி, மோட்டாருக்கு முன்னால் மின்கலத்துக்கென்று விட்டிருந்த காலி இடத்தைத் துணியால் ஒரு தடவை துடைத்தான். டாக்டரம்மா குழாய் முனைகளின் மூடிகளைச் சரிபார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

அடுக்கக்கா படித்துறையின் கடைசிப் படியில் நின்று பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். மறு பக்கத்தை டாக்டரம்மா பிடித்தார். படகு மெல்ல ஆடியது. தம்பி ஒரு காலைப் படகின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, இரண்டு கைகளையும் நீட்டினான். கொப்புளங்கள் காய்ந்து, உள்ளங்கை முரட்டுத்தோலாக இருந்தது.

"சாய்க்காதே. நேரா வாங்கு."

"தெரியும்க்கா."

"அடியில கை குடு. கைப்பிடியை மட்டும் நம்பாதே."

"குடுத்துட்டேன்."

"பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிட்டேன். விடு."

"நல்லா?"

"அட, விடுக்கா!"

அவள் விட்டாள்.